இடது கண்ணுக்கு வேறு வழி

மூக்குக்கண்ணாடி விழுந்த நேரத்தில் கிளியின் கொக்கியில் ஒன்றரை டன் ஈரக் கான்கிரீட் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் டவர் கிரேன் ஓட்டுபவள். பதினாறு மாடி உயரத்தில், ஓர் ஆள் கால் நீட்ட மட்டுமே இடமுள்ள அறை. நான்கு பக்கமும் கண்ணாடி, பாதத்துக்குக் கீழேயும் கண்ணாடி. அந்தக் கூண்டுக்குள் நாளெல்லாம் அடைந்து கிடப்பதால்தான் தளத்தில் அவளுக்குக் கிளி என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வேலை முழுக்கக் குனிந்து செய்யும் வேலை. இரண்டு முழங்கால்களுக்கு நடுவே செங்குத்தாகக் கீழே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குனியக் குனிய மூக்குக்கண்ணாடி வழுக்கும். வியர்த்தால் இன்னும் வழுக்கும். அதற்காகப் பின்னந்தலையைச் சுற்றி ஒரு எலாஸ்டிக் கட்டியிருந்தாள். அன்றைக்கு அது பட்டென்று அறுந்துவிட்டது.

கீழே இருந்த ஆட்கள், கம்பிகள், பலகைகள் எல்லாம் கலந்து ஒரே சாம்பல் நிறமாயின. கிளி இரண்டு லீவர்களையும் விட்டாள். கையை எடுத்தால் நின்றுவிடும். அந்த இயந்திரத்தின் நல்ல குணம் அது.

வாக்கிடாக்கி கரகரத்தது. பேசியவர் கீழே நின்று அவளுக்கு வழி சொல்லும் சிக்னல்மேன். காலை ஏழு மணிக்குத் திறந்த வாயை மாலை ஏழுக்குத்தான் மூடுவார் என்பதால் அவர் பெயர் ரேடியோ.

"என்ன தங்கச்சி, நடுவானத்துல நிறுத்திட்ட? காத்து வாங்குறியா?"

"அண்ணே, கண்ணாடி விழுந்துடுச்சு. எனக்குக் கீழ ஒண்ணும் தெரியல."

ரேடியோ பேசாமல் இருந்தார். அவளுக்குத் தெரிந்து அவர் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. பிறகு யாரையோ நோக்கிக் கத்தும் சத்தம் கேட்டது.

"எல்லாரையும் விலக்கிட்டேன். நீ அவசரப்படாத. லீவர் மேல விழாம மெதுவா இறங்கித் தேடு. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நான் பேசிட்டே இருக்கேன்."

அவர் மருமகனைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் மண்டியிட்டுத் துழாவி, இருக்கைக்குப் பின்னால் கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் அதைப் பிடித்தபடியே கான்கிரீட் வாளியை இறக்கினாள். மாலையில் ஏணி இறங்கி வந்தாள்.

"இன்ஜினியர்கிட்ட நான் இன்னைக்குச் சொல்லல. அடுத்த தடவை சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது" என்றார் ரேடியோ.

மறுநாள் அவள் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மாட்டிக்கொண்டு போனாள். தூசியில் கண் சிவந்து புண்ணானதால் போன வருஷமே ஒரு டாக்டர் விடச் சொன்ன லென்ஸ் அது. யாரிடமும் சொல்லவில்லை.

அவளுடைய நாத்தனார் ஒரு வங்கியில் கவுன்டரில் இருப்பவள், மூன்று வருஷத்துக்கு முன்பு லேசர் செய்துகொண்டவள். கண்ணாடி விழுந்த கதை காதுக்கு எட்டியதும் ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றாள்.

"அண்ணி, அஞ்சே நிமிஷம். உட்கார்ந்து எழுந்திரிக்கிற மாதிரி. மறுநாள் காலையில படுத்த இடத்துலேர்ந்தே கடிகாரம் தெரிஞ்சுது, அழுதுட்டேன். எனக்குப் பண்ணின அதே இடம், அதே முறை. ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து முடிச்சுட்டு வந்துடலாம்."

அவளே கூட்டிக்கொண்டு போனாள். பளபளவென்ற இடம். ஒரு இயந்திரத்தின் முன்னால் தாடையை வைத்து உட்காரச் சொன்னார்கள். வலது கண்ணை ஒரு தடவை படம் எடுத்த பெண், இடது கண்ணை நான்கு தடவை எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஒரு மேஜைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தவள் சிரித்தபடி ஒரு தாளை நீட்டினாள்.

"வெள்ளிக்கிழமை காலியா இருக்கு மேடம். ரெண்டு கண்ணும் ஒரே நாள்ல. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து."

"இடது கண்ணை ஏன் நாலு தடவை எடுத்தாங்க?"

"நீங்க அசைஞ்சிருப்பீங்க மேடம்."

கிளிக்குச் சுருக்கென்றது. அவள் வீட்டில் ஓரிடத்தில் உட்கார மாட்டாள். சாப்பிடும்போதுகூடக் கால் ஆடும். ஆனால் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால் சிலைதான். அசையாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"நான் அசையல. டாக்டர் எங்க?"

"ஆபரேஷன் அன்னைக்குப் பார்ப்பார் மேடம்."

படங்களின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளி எழுந்து வந்துவிட்டாள். நாத்தனாருக்கு முகம் செத்துவிட்டது.

"நான் என்ன உங்களைப் படுகுழியிலயா தள்ளப் போறேன்?" என்றாள் படியில் இறங்கும்போது. அதன்பிறகு போன் செய்யவில்லை.

இரண்டாவது ஆஸ்பத்திரியில் பளபளப்பு இல்லை. நாற்காலிகளின் உறை கிழிந்திருந்தது. அங்கே டாக்டரம்மா நேரில் பேசினார். நாற்பது வயதிருக்கும், பேசும்போதே மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரையும் பழக்கம். அவர் கேட்ட முதல் கேள்வியே வினையாகப் போயிற்று.

"லென்ஸ் போடுற பழக்கம் உண்டா? கடைசியா எப்போ போட்டீங்க? அது கருவிழியை அழுத்தி வடிவத்தை மாத்திடும். அதை விட்டுக் கொஞ்ச வாரம் ஆனாத்தான் நிஜமான அளவு கிடைக்கும்."

"மூணு வாரம் ஆச்சு டாக்டர்" என்றாள் கிளி.

லென்ஸ் டப்பா அவள் கைப்பையில்தான் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு அந்த ஆஸ்பத்திரிக் கழிவறையில்தான் கழற்றினாள். உண்மையைச் சொன்னால் இன்னும் சில வாரம் வழுக்கும் கண்ணாடியோடு மேலே ஏற வேண்டும், அல்லது இன்ஜினியரிடம் போய் நிற்க வேண்டும். பொய் தானாக வாயில் வந்துவிட்டது. அளவெடுத்தார்கள். டாக்டரம்மா திரையை அவள் பக்கம் திருப்பினார். வலது கண்ணின் வரைபடம் ஒரே சீராகப் பச்சையாக இருந்தது. இடது கண்ணின் கீழ்ப்பாதியில் ஒரு சிவப்புத் திட்டு.

"இந்த இடம் புடைச்ச மாதிரி காட்டுது. கருவிழி கூம்பா மாறுற ஒரு நோய் உண்டு, அதோட ஆரம்பமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இப்படிப்பட்ட கண்ணுல லேசர் வைக்கிறது, விரிசல் விட்ட சுவத்துல ஜன்னல் வெட்டுற மாதிரி."

"வலது கண்ணை மட்டுமாவது..."

"ஒண்ணுல இருந்தா இன்னொண்ணுலயும் பின்னாடி வரலாம். ரெண்டையும் தொட மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு வாங்க, மாறியிருக்கான்னு பார்ப்போம்."

கிளி வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றாள். இரண்டு பஸ்களை விட்டாள். ஒரு கண்ணை மூடி எதிர்க்கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தாள். அடுத்த கண்ணை மூடிப் பார்த்தாள். வலது, இடது, வலது, இடது. பக்கத்தில் நின்ற ஒரு ஆள், தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறாள் என்று நினைத்தோ என்னவோ, சட்டையைச் சரிசெய்துகொண்டு இரண்டடி தள்ளிப் போனான்.

அந்த வாரம் அவளுக்கு எதிலும் இருப்புக் கொள்ளவில்லை. அந்தச் சிவப்புத் திட்டு நோயா, லென்ஸ் அழுத்திய தடமா? நோய் என்றால் வேலையே போய்விடலாம். தடம் என்றால் தானே கிளப்பிய பூதம். எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி லென்ஸைக் கழற்றி வைப்பது. ஆனால் காலையில் கைகள் அவற்றையே தேடி எடுத்தன. துவைத்த துணியை மறுபடி ஊறவைத்தாள். மகளின் பள்ளிப் பையை இரண்டு தடவை காலி செய்து அடுக்கினாள். "அம்மா, நீ ஏன் சுத்திட்டே இருக்க, எனக்குத் தலை சுத்துது" என்றது எட்டு வயது.

அவள் கணவன் பிளம்பர். ஊரெல்லாம் ஒழுகும் குழாய்களைச் சரிசெய்பவன், வீட்டுச் சமையலறைக் குழாயை மட்டும் நான்கு மாதமாகச் சொட்டவிட்டிருந்தான். அந்தச் சனிக்கிழமை என்ன தோன்றியதோ, தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துத் திருகிக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்த அவன் கால்களைப் பார்த்துக் கிளி பேசினாள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது வசதியாக இருந்தது.

"டாக்டர்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

சொன்னாள். ஸ்பேனர் நின்றது.

"அப்போ இன்னைக்குக்கூட லென்ஸோடதான் மேல போனியா?"

"ஆமா."

அவன் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்தே சொன்னான்: "சில வீட்ல கூப்பிடுவாங்க. ஒழுகுது, பாருங்கன்னுவாங்க. போய்ப் பார்த்தா ஒழுகுற இடத்துல துணியைச் சுத்தி, பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க. எந்தப் பிளம்பர் வந்து என்ன பண்ணுவான்?"

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"துணியைப் பிரி."

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். டாக்டரம்மா லைனுக்கு வர இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் கம்பி அடுக்கைச் சுற்றி எத்தனை தடவை நடந்தாள் என்று ரேடியோதான் எண்ணினார்.

கிளி சொன்னதைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா பெருமூச்சு விட்டார்.

"பாவம், இந்தம்மாவை ஒரு வாரமா நாம தூங்கவிடாம பண்ணிட்டோமேன்னு நான் நினைச்சிட்டிருக்கேன். நீங்களே பண்ணிக்கிட்டதா அது? நல்லா இருக்கு. நாலு வாரம். ஒரு நாள்கூட லென்ஸ் கண்ணுல படக் கூடாது. திட்டு மறைஞ்சா பேசுவோம். மறையலைன்னா அது வேற கதை, அதையும் தைரியமா பேசுவோம்."

அன்றைக்கே இன்ஜினியரிடமும் போய் நின்றாள். கண்ணாடி விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். இரண்டு நிமிஷம் திட்டினார். "கரணம் தப்பினா மரணம்னு தெரிஞ்ச வேலை, அதுல போய்..." என்று முடிக்காமல் விட்டார். பிறகு பக்கத்துத் தளத்திலிருந்து ஒரு ஆபரேட்டரை வரவழைத்துவிட்டு, கிளியைத் தரையில் ரேடியோவுக்கு உதவியாகப் போட்டார்.

தரையில் நான்கு வாரம். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்க்கும் வேலை, குறைந்தபட்சம் வழுக்காது. ஆனால் மேலே வேறொருவன் அவளுடைய லீவர்களைப் பிடித்திருந்தான். அவன் திருப்பும்போது கொஞ்சம் இழுத்துத் திருப்பினான். சுமை ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஒவ்வொரு தடவையும் கிளியின் வலது கை தானாக முறுக்கிக்கொண்டது.

"தங்கச்சி, காத்துல கிரேன் ஓட்டாத. பார்க்கிறவன் உனக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு நினைப்பான்."

"அவன் சுமையைத் தூளி ஆட்டுறான் அண்ணே."

"ஆட்டட்டும். அழுகுற குழந்தைன்னு நினைச்சிருப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள். இருபத்தெட்டாவது நாள் கணவனோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மறுபடி தாடையை வைத்தாள். மறுபடி படம். டாக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வெகுநேரம் பார்த்தார். கிளியின் கால் ஆட ஆட, மேஜை மேலிருந்த பேனா உருண்டது.

"திட்டு போயிடுச்சு. அது லென்ஸ் அழுத்தின தடம்தான், நோய் இல்லை" என்றார்.

கிளி மூச்சை விட்டாள்.

"ஆனா முழுசாச் சந்தோஷப்பட்டுடாதீங்க. இடது கருவிழி மெல்லிசு. வலது ஐந்நூத்து நாப்பத்தஞ்சு மைக்ரான் இருக்கு, இடது நானூத்து எண்பத்தெட்டுதான். பவரும் இடதுலதான் அதிகம். அதாவது, மெல்லிசா இருக்கிற பக்கத்துலதான் அதிகமாச் சீவ வேண்டியிருக்கு."

சீட்டைத் திருப்பி வரைய ஆரம்பித்தார். மூன்று வட்டங்கள்.

"முதல் வழி, கருவிழியோட மேல்பகுதியை ஒரு கதவு மாதிரி வெட்டித் திறந்து, உள்ள லேசர் வெச்சு, கதவை மூடுறது. சீக்கிரம் ஆறும். உங்க நாத்தனாருக்குப் பண்ணினது அது. ரெண்டாவது, கதவு கிடையாது. உள்ளுக்குள்ளயே ஒரு மெல்லிய வில்லையை லேசரால பிரிச்சு, சின்னக் கீறல் வழியா வெளிய எடுத்துடறது. இதுவும் ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சுடும். மூணாவது, வெட்டே கிடையாது. மேல்தோலை மட்டும் துடைச்சு எடுத்துட்டு, மேற்பரப்புல லேசர் வைக்கிறது. தோல் திரும்ப வளரும். மூணு நாள் வலி உயிர் போகும். பார்வை தெளிய வாரக்கணக்கு ஆகும். ஆனா கண்ணோட பலம் இதுலதான் அதிகமா மிஞ்சும்."

"எனக்கு எது?"

"வலது கண்ணுக்கு மூணுல எது வேணாலும் பண்ணலாம். ஆனா தலைக்கவசம், காத்து, தூசி, இடிபடுற வேலைன்னு சொல்றீங்க. அதனால கதவு வேணாம். மீதி ரெண்டு. இடது கண்ணுக்கு ஒரே வழிதான், மூணாவது."

"அப்போ ரெண்டு கண்ணுக்கும் மூணாவதே பண்ணிட்டா?" என்று கேட்டான் கணவன். "ஒரே மாதிரி இருக்குமே."

"தாராளமா. ரெண்டும் ஒரே வேகத்துல ஆறும். ஆனா சில வாரம் ரெண்டும் மங்கலா இருக்கும். இல்லைன்னா வலதுக்கு ரெண்டாவது, இடதுக்கு மூணாவது. கண்ணு ரெண்டு இருக்கேன்னு ரெண்டுக்கும் ஒரே சட்டை தைக்கணும்னு இல்லை."

பிறகு டாக்டரம்மா அவளை இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சுவரிலிருந்த விளக்கைப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணை மூடச் சொன்னார். விளக்கு ஓட்டைக்குள்ளேயே இருந்தது. இடது கண்ணை மூடச் சொன்னார். விளக்கு காணாமல் போயிற்று.

"நீங்க குறி பார்க்கிறது இடது கண்ணாலதான்."

கிளி கைகளை இறக்கினாள். ஒன்பது வருஷமாக, பலவீனமான கண்ணை நம்பித்தான் அத்தனை டன்னையும் இறக்கியிருக்கிறாள். "அஞ்சு நிமிஷம் யோசிச்சுட்டு வரேன்" என்று சொல்லி எழுந்தாள்.

உட்கார்ந்து யோசிக்க அவளால் முடியாது. ஆஸ்பத்திரியின் படிக்கட்டில் ஏற ஆரம்பித்தாள். ஐந்து மாடி ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். கைப்பையைச் சுமந்துகொண்டு கணவன் இரண்டாவது மாடி வரை வந்து, அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் ஒரு வாக்கியம் பேசிக்கொண்டார்கள்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா நிம்மதி" என்றான் அவன், அவள் ஏறும்போது.

"ரெண்டு கண்ணும் மங்கலா வெச்சுக்கிட்டு ஒரு மாசம் என்னால வீட்ல உட்கார முடியுமா? கண்ணைக் கசக்கியே கெடுத்துப்பேன்" என்றாள் இறங்கும்போது.

"அதுவும் சரிதான். நீ உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல."

அடுத்த சுற்றில் அவள் அவன் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது.

"கிரேன்ல ரெண்டு பிரேக் இருக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல பிரிச்சுப் பார்க்க மாட்டோம். ஒண்ணை முடிச்சு, அது பிடிக்குதான்னு பார்த்துட்டுத்தான் அடுத்தது. முதல்ல வலது, அந்தச் சீக்கிரம் ஆறுற ரெண்டாவது முறையில. அது நல்லா இருக்குன்னு தெரிஞ்சதும் இடது, அந்த மேல்தோல் முறையில. எந்த நாள்லயும் ஒரு கண்ணாவது எனக்கு இருக்கும்."

அவன் பையை அவளிடம் கொடுத்தான். "போய்ச் சொல்லு."

டாக்டரம்மா தலையசைத்து, இரண்டுக்கும் நடுவே பத்து நாள் இடைவெளி குறித்தார். செய்தி நாத்தனாருக்குப் போனது. அவளுடைய மௌனம் ஒரு மாதத்தைத் தாண்டியிருந்தது. அதை அவளே உடைத்துப் போன் செய்தாள்.

"ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா? கேட்கவே நல்லா இல்ல அண்ணி."

"சுண்ணாம்பு வைக்கிற அன்னைக்கு நீ வரணும்" என்றாள் கிளி. "உங்க அண்ணனுக்குச் சொட்டு மருந்து விடத் தெரியாது. குழாய்ல விடுற மாதிரி விடுவான்."

வலது கண் சுலபமாக முடிந்தது. ஒரு பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். ஏதோ ஒன்று வந்து கண்ணைக் கவ்வியது. புள்ளி மங்கி மறைந்தது. "அசையாதீங்க, அசையாதீங்க, முடிஞ்சுது" என்றார் டாக்டரம்மா. மூன்றாம் நாள் எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளின் கிளிப் நிறங்கள்கூடத் தெரிந்தன. ஆனால் இடது கண் பழையபடியே இருந்ததால் உலகம் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கரைந்தும் கிடந்தது. அந்தப் பத்து நாளும் தலைவலி. கதவு நிலையில் இரண்டு தடவை தோளை இடித்துக்கொண்டாள்.

இடது கண்ணுக்குப் போனபோது லேசர் வைத்த சில நொடிகளில் முடி கருகும் வாசனை வந்தது. அதுதான் அவளைக் கலங்கடித்தது. பாதுகாப்புக்கு ஒரு லென்ஸை வைத்து அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் கண்ணில் மிளகாயை அரைத்துத் தடவிய மாதிரி ஆனது. ஜன்னலைத் துணியால் மூடினார்கள். நாத்தனார் மூன்று நாள் லீவு போட்டு வந்து உட்கார்ந்தாள். மணி அடித்தால் மருந்து. கிளி படுக்கையில் உட்காருவாள், எழுவாள், சுவரைப் பிடித்தபடி அறையைச் சுற்றுவாள், மறுபடி படுப்பாள்.

"தப்பான முடிவு எடுத்துட்டேனோ? வலது கண்ணுக்கு ஒண்ணுமே ஆகல. இது மட்டும் இப்படி எரியுதே. ஏதாவது கெட்டுப்போச்சா?"

"டாக்டர் சொன்னதுதானே அண்ணி, மூணு நாள் எரியும்னு."

"உனக்கெல்லாம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. மறுநாள் கடிகாரம் தெரிஞ்சுது."

நாத்தனார் கைப்பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. கிளி வலது கண்ணைத் திறந்து பார்த்தாள். நாத்தனார் ஒரு சின்னக் குப்பியை எடுத்துத் தன் கண்ணிலேயே சொட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னது அது?"

"மூணு வருஷமா விட்டுக்கிறேன். இல்லாட்டி மணல் கொட்டின மாதிரி உறுத்தும். இருட்டினா எதிர்ல வர்ற வண்டி விளக்கெல்லாம் பெரிசு பெரிசா வட்டம் போடும். அதனாலதான் சாயங்காலம் ஸ்கூட்டர் எடுக்கிறதில்ல."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"எல்லார்கிட்டயும் ஆஹா ஓஹோன்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? கடிகாரம் தெரிஞ்சது நிஜம்தான். அதை மட்டும் சொல்லிட்டே இருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போடாம எழுந்து போனீங்களே, எனக்கு உங்க மேல கோவம் வரல. என் மேலதான்."

கிளி கையை நீட்டினாள். நாத்தனார் அதைப் பிடித்துக்கொண்டாள். கை வியர்த்திருந்தது, யாருடையது என்று தெரியவில்லை. அடுத்த மருந்துக்கு மணி அடிக்கும் வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகு கிளி மறுபடி எழுந்து நடக்க ஆரம்பித்தாள்.

ஐந்தாம் நாள் பாதுகாப்பு லென்ஸை எடுத்தார்கள். வலி போய்விட்டது; மங்கல் போகவில்லை. வாரங்கள் ஊர்ந்தன. தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் ஓரத்தில் ஊற்றினாள். படிக்கட்டின் கடைசிப் படியை எப்போதும் ஒன்று அதிகமாக எண்ணினாள். ஒரு கண் தெளிவாக, ஒரு கண் புகையாக இருந்தால் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மூளைக்கு விளங்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். விளங்கும் வரை மேலே ஏறக் கூடாது. தினமும் காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்வீட்டுக் கிளிப்புகளைப் பார்ப்பாள். ஒரு நாள் நிறம் தெரியும்; மறுநாள் போய்விடும். கணவன் கேட்பதை நிறுத்திவிட்டான். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். ஆறாவது வாரம் ஒரு புதன்கிழமை, நிறங்கள் தெரிந்தன, வியாழனும் தெரிந்தன, வெள்ளியும்.

கடைசிச் சோதனையில் வலது கண் கடைசி வரி வரை படித்தது. இடது கண் அதற்கு முந்தைய வரியோடு நின்றது.

"இன்னும் ஒரு மாசத்துல அந்த வரியும் வரலாம். வராமலும் போகலாம்" என்றார் டாக்டரம்மா. "ரெண்டும் சேர்ந்து பார்க்கும்போது தூரம் சரியாத் தெரியுது. வேலைக்குத் தகுதின்னு எழுதித் தர்றேன்."

இன்ஜினியர் அந்தத் தாளை மட்டும் நம்பவில்லை. தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, காலி வாளியை அதற்குள் இறக்கிக் காட்டச் சொன்னார். கிளி ஏணியில் ஏறினாள். மூன்று மாதத்தில் கால் ஏணியை மறந்திருந்தது. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள். இருக்கையில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே பார்த்தபோது வட்டம் கூர்மையாகத் தெரிந்தது. ரேடியோ உயரத்தை எண்ணிச் சொல்ல, இறக்கினாள். வாளி வட்டத்துக்கு அரை அடி வெளியே நின்றது.

தூக்கினாள். கண்களை ஒருமுறை சிமிட்டிவிட்டு மறுபடி இறக்கினாள். கோட்டைத் தொட்டுக்கொண்டு உள்ளே நின்றது. மூன்றாவது தடவை நட்டநடுவில். இன்ஜினியர் பத்து தடவை செய்யச் சொன்னார். எட்டு நடுவில், இரண்டு ஓரத்தில். எதுவும் வெளியே இல்லை.

இறங்கி வந்ததும் அவர் பதிவேட்டைத் திறந்தார். "இன்னைலேர்ந்து பழைய ஷிப்ட். சாயங்காலம் ஏழு வரைக்கும்."

"ஒண்ணு சொல்லணும் சார்" என்றாள் கிளி. "வெளிச்சம் மங்கினா இடது கண்ணுக்கு விளக்கைச் சுத்தி வட்டம் தெரியுது. போகும்னு டாக்டர் சொல்றாங்க, எப்பன்னு சொல்லல. அது போற வரைக்கும் அஞ்சு மணிக்கு இறங்கிடறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற ரேடியோவும் பார்த்தார்.

"இதைச் சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் இன்ஜினியர்.

"தெரியும் சார்."

அவர் பேனாவை எடுத்து ஏழு என்பதை அடித்து ஐந்து என்று எழுதினார். மேலே ஏற்ற மூன்று சுமைகள் காத்திருந்தன. கிளி தலைக்கவசத்தை இறுக்கிக்கொண்டு ஏணியை நோக்கி வேகமாக நடந்தாள்.